மருந்தில்லை என்றாலும் பராமரிப்பு உண்டு



"இனி ஒன்றும் செய்வதற்கில்லை." கடுமையான நுரையீரல் தொற்றால் மூச்சுத் திணறும் ஒருவரின் குடும்பத்தார் அஞ்சும் சொல் இது. ஆனால் அது உண்மையன்று. கிருமியைக் கொல்ல மருந்து இல்லாதபோதும் நோயாளியின் வேதனையைக் குறைக்க வழியுண்டு.

2003ஆம் ஆண்டை எண்ணிப்பாருங்கள். சிங்கப்பூரில் 238 பேரைச் சார்ஸ் நோய் தாக்கியது. 33 பேர் மாண்டனர். அந்தக் கிருமியை ஒழிக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் அப்போது கையில் இல்லை. அப்படியிருந்தும் பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்பினர். எப்படி? உயிர்வாயு கொடுத்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குச் சுவாசக் கருவி பொருத்தினார்கள். உடல் தானே போராடி மீளும்வரை உயிரைத் தாங்கிப் பிடித்தார்கள். இதுதான் ஆதரவுச் சிகிச்சை.

ஆனால், எல்லாரும் மீள்வதில்லை. அத்தகையோரை மிகவும் வாட்டுவது மூச்சுத் திணறல். மூச்சு முட்டினால் பயம் வரும். பயந்தால் மூச்சு இன்னும் முட்டும். இதைத் தணிக்க மருத்துவர்கள் குறைந்த அளவில் மார்ஃபின் தருவதுண்டு. மார்ஃபின் என்றதுமே, "ஐயோ, அப்பாவை முடித்துவிடப் பார்க்கிறார்களா?" என்று பதறும் குடும்பங்கள் இருக்கின்றன. அளவறிந்து, கண்காணித்துக் கொடுக்கப்படும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதற்கன்று. திணறும் உணர்வைத் தணிப்பதற்கு. நாம் அஞ்சித் தடுத்தால் தவிப்பவர் நோயாளிதான். உயிர்காக்கும் சிகிச்சை நடக்கும்போதே இந்தப் பராமரிப்பையும் தொடங்கலாம். ஒன்றைக் கைவிட்டால்தான் மற்றொன்று என்பதில்லை.

சிறு உதவிகளும் பெரிய ஆறுதல் தரும். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வைக்கலாம். உயிர்வாயுவால் உலர்ந்த உதடுகளை நனைக்கலாம். முகத்தில் காற்றுப் பட்டால் திணறல் குறையும். ஆனால் தொற்றுள்ள அறையில் விசிறி கிருமியைப் பரப்பக்கூடும். அங்கே குளிர்ந்த ஈரத்துணியால் முகத்தை ஒற்றிவிடலாம்.

இன்னொரு வேதனை, தனிமை. கடைசி நேரத்தில் கையைப் பிடித்து, வாயில் பால் ஊற்றி வழியனுப்பும் வழக்கம் நமக்கு உண்டு. 2020இல் கோவிட்-19 பரவியபோது பலர் கைத்தொலைபேசித் திரையில்தான் விடைபெற்றனர். அத்தகைய நிலை மீண்டும் வந்தால் வாய்மூடி இருந்துவிடாதீர்கள். பாதுகாப்பு உடை அணிந்து ஒருவராவது பார்க்க முடியுமா, தொலைபேசியை நோயாளியின் காதருகே வைப்பீர்களா என்று தாதியரிடம் கேளுங்கள்.

நேயர்களே, சுவாசக் கருவி பொருத்தி, மயக்க மருந்தும் கொடுத்த பிறகு நோயாளியால் பேச இயலாது. எதுவரை சிகிச்சை வேண்டும், தமக்காக முடிவெடுப்பவர் யார் என்பதை அவர் முன்னரே சொல்லியிருந்தால்தான் உண்டு. இதற்காகவே சிங்கப்பூரில் முன்கூட்டியே பராமரிப்பைத் திட்டமிடும் ஏற்பாடு இருக்கிறது. அபசகுனம் என்று ஒதுக்காமல், உடல் நலமாக இருக்கும்போதே பெற்றோரிடம் இதைப் பேசுங்கள். அவர்கள் விருப்பம் தெரிந்திருந்தால், நெருக்கடியில் பிள்ளைகள் தங்களுக்குள் வாதாட வேண்டியதில்லை.