பணம் கட்டும் முன் பட்டியலைப் பாருங்கள்

(கெலுகோரில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



எஸ்.டி.பி.எம். முடிவு வந்ததும் பிள்ளையை டாக்டருக்குப் படிக்க எங்கே அனுப்புவது என்ற கவலை நமக்கு வந்துவிடுகிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நம் கெலுகோரிலேயே இருக்கிறது; அதன் மருத்துவப் பிரிவோ கிளந்தான் குபாங் கெரியானில் இருக்கிறது. அரசாங்க இடங்களும் போதவில்லை. நன்றாகத் தேறிய பிள்ளைகளுக்கு இடம் கேட்பது நம் உரிமை, தொடர்ந்து கேட்போம். அதுவரை, இ.பி.எஃப். பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது.

2005-இல் உக்ரேனின் கிரீமியா அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை மலேசியா மீட்டுக்கொள்வதாக அறிவித்தது. நம் பிள்ளைகள் பலர் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். நம் சமூகமே கொதித்தது. அன்று கற்ற பாடம் இதுதான்: அங்கீகாரம் நிரந்தரமல்ல. அண்ணன் வாங்கிய பட்டம் செல்லும் என்பதால் தம்பி வாங்கப்போகும் பட்டமும் செல்லும் என்று சொல்ல முடியாது.

ஆகவே கட்டணத்தையும் ஏஜெண்டின் பேச்சையும் பிறகு பார்க்கலாம். முதலில் மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர், பட்டத்தின் பெயர் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிள்ளை சேரும் ஆண்டுக்கு அது பொருந்துமா என்று எழுதிக் கேளுங்கள். சேர்வதற்கான குறைந்தபட்சத் தகுதி பிள்ளைக்கு உண்டா என்றும் பாருங்கள். பட்டியலில் இல்லாத பட்டத்தோடு திரும்பினால் தகுதித் தேர்வு எழுத வேண்டிவரும்.

பட்டத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் படித்து டி.ஓ. பட்டம் வாங்குகிறவர் முழு டாக்டர். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். இங்கே ஆஸ்டியோபதி என்பது 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வருவது. உடம்பைக் கையால் அழுத்தி, நீவிச் செய்யும் சிகிச்சை அது. பெயர் ஒன்று, சட்டத்தில் தொழில் வேறு. எந்தக் கல்லூரி சிறந்தது என்று ஒப்பிடும் முன், படித்து வந்தால் இங்கே என்னவாகப் பதிவு செய்வார்கள் என்று கேளுங்கள்.

ஏஜெண்ட் வாயால் சொல்வதைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். ரசீது, கடிதம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நாளை வழக்கு என்று வந்தால் அவைதான் உங்கள் சாட்சி. எழுதித் தர மறுப்பவரிடம் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.