பேட்டரியைக் குறை கூறுமுன்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் பழைய வேனின் உரிமையாளர் தம் குறையைக் கூறினார். ஓராண்டுக்குள் இரண்டு பேட்டரிகளை மாற்றிவிட்டாராம், மூன்றாவதும் போய்க்கொண்டிருக்கிறதாம். பால்வெட்டிச் சேர்த்த வெள்ளி இவ்வாறு கரைவதைக் கேட்க வருத்தமாயிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தோம். நீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தன. குற்றம் பேட்டரியினுடையதன்று, அதற்கு அளவுக்கு மீறி மின்சாரம் ஊட்டப்பட்டு வந்திருக்கிறது.

வண்டி ஓடுகையில் விளக்குகளுக்கு மின்சாரம் தருவது பேட்டரி என்றே பலர் எண்ணுகின்றனர். பேட்டரியின் தலையாய வேலை எஞ்சினைக் கிளப்புவதுதான். கிளம்பிய பின் அனைத்துக்கும் மின்சாரம் தருவதும், பேட்டரி இழந்ததை ஈடு செய்வதும் ஆல்டர்நேட்டர். எஞ்சின் ஒரு பெல்ட்டினால் அதனைச் சுழற்றுகிறது. உள்ளே சுழல்வது ஒரு மின்காந்தம். அதைச் சுற்றி அசையாது நிற்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரம் பிறக்கிறது. அது திசை மாறி மாறிப் பாயும்; பேட்டரியோ ஒரே திசையில் வருவதைத்தான் ஏற்கும். எனவே டையோடுகள் என்னும் ஒருவழிக் கதவுகள் அதனை நெறிப்படுத்தி அனுப்புகின்றன. பழைய டைனமோ வண்டிகளில் மின்சாரம் பின்னோக்கிப் பாயாதிருக்கத் தனியே ஒரு கட்-அவுட் வேண்டியிருந்தது. இங்கு டையோடுகளே அதையும் பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஊர்கிறோம், நெடுஞ்சாலையில் விரைகிறோம். வேகம் கூடக் கூட மின்னழுத்தமும் கூடும். தடுப்பார் இல்லையேல் 12 வோல்ட் பேட்டரி அதனைத் தாங்காது. அங்கேதான் ரெகுலேட்டர் வருகிறது.

புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திய மூத்தோர் இதனை எளிதில் உணர்வர். சூடு குறைந்தால் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்கும்; மிகுந்தால் கொப்புளம் எழும். நெருப்பைக் காப்பவர் வெப்பத்தைக் கையாற் பிடித்து நிறுத்துவதில்லை. வெப்பமானியைப் பார்த்து விறகைக் கூட்டுகிறார், குறைக்கிறார். ரெகுலேட்டரும் அப்படியே. பிறந்துவிட்ட மின்சாரத்தை அது வழிமறிப்பதில்லை. மின்னழுத்தத்தைக் கவனித்தவாறே, சுழலும் காந்தத்துக்குச் செல்லும் சிறு மின்னோட்டத்தை நொடிக்குப் பன்முறை விட்டும் நிறுத்தியும் காந்தத்தின் வலிமையை மாற்றுகிறது. அச்சிறு ஓட்டம் 3 அல்லது 4 ஆம்பியர்தான். அதைக் கொண்டே 50 ஆம்பியரை ஆள்கிறது! முன்பு அதிரும் தொடுமுனைகள் செய்த இவ்வேலையை இன்று மின்னணுச் சுற்று செய்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அது ஆல்டர்நேட்டருக்குள்ளேயே இருக்கிறது.

இவ்விரண்டும் ஒத்துழைக்கின்றனவா என்பதை ஒரு வோல்ட்மீட்டர் காட்டிவிடும். எஞ்சின் ஓயும்போது நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினைச் சற்று விரைவாக ஓடவிட்டால் 13.8 முதல் 14.5 வரை ஏறவேண்டும். (கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இவ்வெண்கள் சற்று மாறும்.) ஏறாமல் இறங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், இணைப்பு அரித்திருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மீதே ஐயுற வேண்டும். அந்த வேனில் மானி 16-ஐயும் கடந்து நின்றது. பல்புகள் அடிக்கடி எரிந்துபோவதும், பேட்டரியருகே அழுகிய முட்டை நாற்றம் வீசுவதும் அதே நோயின் அறிகுறிகள். அந்நிலையில் பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக் கூடியது. சிகரெட்டுடன் அருகில் குனியாதீர்கள்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று சோதிக்கும் வழக்கம் டைனமோ காலத்திலிருந்து நம்மவரிடையே நிலவுகிறது. இதனை அறவே விட்டுவிடுங்கள். பேட்டரி திடீரென விலகினால் மின்னழுத்தம் ஒரு கணத்தில் எகிறும். ரெகுலேட்டர் விழித்துக்கொள்ளுமுன் டையோடுகள் கருகிவிடலாம். நலமாயிருந்த ஆல்டர்நேட்டரைச் சோதனையே கெடுத்துவிடும்.

வேன்காரரின் மூன்றாவது பேட்டரியைக் காப்பாற்ற இயலவில்லை. வெளியே தெரிந்த தகடுகள் காய்ந்துவிட்டிருந்தன. முதலில் ரெகுலேட்டரை மாற்றச் சொன்னோம். அதன் பிறகே நான்காவது பேட்டரியை வாங்கினார். ஈராண்டு கழித்து அவரைச் சந்தித்தபோதும் வேனில் அதே பேட்டரிதான் இருந்தது.