வெஸ்லியின் 28 பவுண்ட்

போன வாரம் லூக்கா 12-ல் வருகிற ஐசுவரியவானைப் பற்றிப் பேசினோம், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன். அதைக் கேட்டுவிட்டு ஒரு தம்பி எழுதியிருந்தார்: "அண்ணே, தசமபாகம் ஒழுங்கா கொடுத்துடறேன். மீதி 90 என்னோடதுதானே?" நியாயமான கேள்வி. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன்.

இன்னைக்கு ஜான் வெஸ்லியைப் பற்றிப் பேசலாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினவர். 1947-ல் சி.எஸ்.ஐ. உருவானபோது அதில் மெதடிஸ்ட் சபையும் சேர்ந்தது. அந்த வகையில் நம்மில் பலருக்குத் தூரத்துச் சொந்தம்.

அவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலம். கடுமையான குளிர். அவரும் நண்பர்களும் படிக்க வைத்துக்கொண்டிருந்த ஒரு ஏழைப் பெண் பார்க்க வருகிறாள். மெல்லிய துணியில் ஒரு உடை, அவ்வளவுதான், விறைத்துப்போய் நிற்கிறாள். உதவலாம் என்று பைக்குள் கைவிட்டால் காசு அநேகமாகத் தீர்ந்துவிட்டது. ஏனென்றால் தன் அறைச் சுவரில் மாட்டப் படங்கள் வாங்கியிருந்தார். பல வருஷம் கழித்து ஒரு பிரசங்கத்தில் அவரே இதைச் சொல்கிறார். அந்தப் படங்கள் அவளுடைய இரத்தம் அல்லவா என்று தன்னையே கேட்கிற அளவுக்கு அது அவரை வாதித்திருக்கிறது.

இதைப் படிச்சப்போ என்னால அடுத்த பக்கம் போக முடியல. எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா, மகளோட காலேஜ் ஃபீஸுக்கு 15,000 ரூபாய் கேட்டாங்க. "கையில இல்லக்கா"ன்னு சொன்னேன். பொய் இல்லை, நிஜமாவே இல்லை. முந்தின வாரம்தான் 55 இன்ச் டி.வி. வாங்கியிருந்தோம். அந்த அட்டைப்பெட்டி அவங்க பின்னாடியே, வராந்தாவில சாய்ஞ்சு நின்னுட்டு இருந்தது. பழைய பேப்பர்காரருக்குப் போட அதைத் தூக்கிட்டுப் போனதும் அவங்கதான். 2,000 கொடுத்தேன். மீதிக்கு அவங்க குழுக்கடன் வாங்கினாங்க.

அந்த மாசமும் நான் தசமபாகம் கொடுத்திருந்தேன், கவனிங்க.

வெஸ்லி என்ன செய்தார்? ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஒரு இளைஞனின் கணக்கு என்று 1780-களில் எழுதுகிறார். அது அவரே என்பதுதான் பொதுவான கருத்து. வருஷத்துக்கு 30 பவுண்ட் வருமானம், 28-ல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது. அப்போதும் 28-ல் வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62. 120 வந்தபோது 92. நாம பத்து சதவீதத்தைப் பிடிச்சுக்கிறோம், அவர் 28-ஐப் பிடிச்சுக்கிட்டார். சம்பளம் ஏறினால் நம்ம கணக்கில் 90 பங்கு நம்ம பக்கம் வருது. அவர் கணக்கில் ஏறினது முழுசும் ஏழைக்குப் போச்சு. நான் காமர்ஸ் படிச்சவன், ஆனா இந்தக் கோணத்தில் ஒருநாளும் கணக்குப் போட்டதில்லை.

கடைசிக் காலத்திலும் அவர் மாறவில்லை. 1785 ஜனவரி, வயது 81. ஏழைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கிற கரியும் ரொட்டியும் போதாது, துணியும் வேண்டும் என்று தோன்றுகிறது. ஐந்து நாள் லண்டன் தெருக்களில் நடந்து, 200 பவுண்ட் பிச்சையாகச் சேர்த்தார். உருகின பனி கணுக்கால் ஆழம். காலையிலிருந்து சாயங்காலம் வரை கால் அதிலேயே ஊறிக்கிடந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 81 வயசுல!

அவர் சொன்ன மூன்று விதிகள் பலருக்குத் தெரியும்: முடிந்தவரை சம்பாதி, முடிந்தவரை சேமி, முடிந்தவரை கொடு. மக்கள் முதல் இரண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் முதுமையில் அவருடைய பெரிய வருத்தம்.

சரி, வீட்டுக் கதைக்கு வர்றேன். இந்த ஜூன்ல எனக்குச் சம்பளம் கூடுச்சு. போன வருஷச் செலவையே நம்ம 28-ஆ வெச்சுக்கலாமான்னு மனைவிகிட்ட கேட்டேன். "வெஸ்லிக்குச் சொந்தப் பிள்ளைங்க கிடையாது, நமக்கு ரெண்டு இருக்கு"ன்னாங்க. (சிரிப்பு) பதில் சொல்ல முடியல. ஸ்கூல் ஃபீஸ் ஏறுது, அரிசி ஏறுது, 18-ஆம் நூற்றாண்டுக் கணக்கை அப்படியே தூக்கிட்டு வர முடியாது. ரெண்டு நாள் பேசினோம், கொஞ்சம் சண்டையும் போட்டோம். விலைவாசிக்கும் பிள்ளைங்க ஃபீஸுக்கும் மட்டும் கூட்டி ஒரு தொகை முடிவு பண்ணி, சமையலறை காலண்டர்ல எழுதினோம். அதுக்கு மேல வர்றது நம்முடையது இல்லை. முதல் மாசமே 1,800 ரூபாய் தாண்டிட்டோம். ரெண்டாவது மாசம் பரவாயில்லை.

அக்காவோட குழுக்கடன்ல இன்னும் பதினோரு வாரம் பாக்கி இருக்கு. அதை இப்போ நாங்க கட்டுறோம். இதைத் தசமபாகத்துல சேர்த்துக்கலாமான்னு மெதுவா கேட்டுப் பார்த்தேன். மனைவி என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாங்க. சேர்க்கல.