புதிய ஆசிரியரின் முதல் வாரம்

(வெள்ளி விழாவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணிக்குச் செல்லவிருக்கும் தம்பிகளும் தங்கைகளும் இவ்வவையில் இருக்கின்றீர்கள். வாழ்த்துக் கூறும் கடமையை எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் செவ்வனே நிறைவேற்றிவிட்டார்கள். ஆகவே நான் என் முதல் வாரத்தைப் பற்றிச் சொல்கின்றேன். அதில் பெருமை கொள்ள அதிகமில்லை.

1983ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஆரணிப் பகுதிச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் பணியேற்றேன். இந்தப் படவேட்டிலிருந்து மிதிவண்டியில் சென்று வருவேன். பாடக் குறிப்பேட்டில் நாற்பது நிமிடங்களுக்கு எழுதி வைத்திருந்த பாடம் பத்தே நிமிடத்தில் தீர்ந்து போயிற்று. அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கரும்பலகையில் எழுதியதையே அழித்து மீண்டும் எழுதினேன். பிள்ளைகள் இரைச்சலிட்டார்கள், நானும் குரலை உயர்த்தினேன். மாலையில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பயிற்சிக் காலத்தில் நான் எடுத்த மாதிரி வகுப்புகளில் பிள்ளைகள் அமைதியாக இருந்தார்களே! அவர்கள் அஞ்சியது பின்னால் அமர்ந்திருந்த விரிவுரையாளருக்கு. எனக்கு அல்ல என்பது அன்றுதான் விளங்கிற்று.

இரண்டாம் நாள் கடைசி வரிசையில் ஒரு சிறுவன் உறங்கினான். காதைத் திருகி எழுப்பினேன். அவன் அழவில்லை. நண்பகலில் சத்துணவு சமைக்கும் அம்மாள் என்னைத் தனியே அழைத்து, "விடிகாலை நாலு மணிக்கே தறிக்குப் போயிட்டு வர்ற புள்ள சார் அது" என்றார். கோர்வைப் பட்டு நெய்கையில் நெசவாளரால் ஒரு பக்கத்துக் கரையைத்தான் கவனிக்க இயலும். மறு பக்கத்துக் கரைக்கு நாடா எறிய இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறுவனின் கையாகவே இருந்தது. அவனுடைய தந்தை தறி உடைமையாளரிடம் முன்பணம் பெற்றிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். அவர் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "கடன் தீர்ற வரைக்கும் அவன் கை எங்கிட்ட இல்ல வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார். அதன் பின்னர் அவனுக்குக் காலையில் பாடம் கேட்க வற்புறுத்தாமல், உணவிற்குப் பின் அருகிலிருத்திக் கற்பித்தேன். ஐந்தாம் வகுப்பை முடித்தான். ஆறாம் வகுப்பில் சேரவில்லை. இதை வெற்றி என்று என்னால் சொல்ல இயலாது.

பிள்ளைகளை அடித்தலைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் தடை செய்தது. ஆயினும் உறங்கும் பிள்ளைகள் இனி வரமாட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்கு வெளியே பிள்ளைகள் உதவ இடமளிக்கின்றது.

இனி, நம்மவர்க்கே உரிய ஒரு சங்கடம். ஆசிரியர் அறையில் பானையின் மீது ஒரு குவளையும், சன்னலில் எனக்கென ஒரு தனிக் குவளையும் வைத்திருந்தார்கள். மறுநாள் முதல் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டு சென்றேன். அதைத் தன்மானம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது ஒதுங்கிக் கொள்ளுதலே என்று இப்பொழுது கருதுகின்றேன், கேட்டிருக்க வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று வந்தவர். அவர் பொதுப் பானையில் நீர் அருந்துவதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். மாணவர்களும் தொடக்கத்தில் அவரைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று வந்து அவர் வகுப்பில் அமர்ந்தனர். நன்கு ஆயத்தம் செய்து கற்பித்ததால் மாணவர்கள் மாறினர். பானையருகே நின்றவர்கள் அதனால் மாறினர் என்று நான் சொல்ல மாட்டேன். அது வேறு போராட்டம். அதற்கு உங்களுக்கு இன்று சட்டத்தின் துணையுண்டு, எழுத்து மூலம் முறையிடுங்கள்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருத்தலாகாது, மாணவரைச் சாதி சுட்டி அழைத்தலாகாது என்று அது பரிந்துரைத்தது. பெயர் வாசிக்கும் முதல் நாளிலேயே இது தொடங்குகின்றது. பிள்ளையின் பெயரை முழுமையாக, மரியாதையுடன் அழையுங்கள். "எந்தத் தெரு?" என்று வகுப்பில் கேளாதீர்கள், அக்கேள்வியின் பொருள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு பாடம் தீர்ந்தால் கைகொடுக்க ஒரு கதையும் ஒரு கணக்கு விளையாட்டும் ஆயத்தமாக வைத்திருங்கள். தொண்டையை விடச் சுண்ணக்கட்டியை அதிகம் நம்புங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். புதிதாகப் பணியேற்போர் முதல் மாதத்தில் தனிமையில் தவிக்கின்றனர், வீட்டிலும் சொல்வதில்லை. ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்தை அவர்களுக்குத் திறந்து வையுங்கள். தம்பி தங்கைகளே, பாடக் குறிப்பேட்டுடன் வாருங்கள். நான் ஐந்து மணிக்கு அங்கிருப்பேன்.