பழைய கணினியும் நம் சேமிப்பும்

(ஈப்போவில் ஆற்றிய உரை)



மங்கில் உறைந்த கட்டிப்பாலைக்கூட நாம் வீசுவதில்லை. அதையும் நிறுத்துக் காசாக்குகிறோம். அப்படியிருக்க, மெதுவாக ஓடுகிறதென்று வீட்டுக் கணினியைக் குப்பையில் போடலாமா?

மெதுவுக்குக் காரணம் பெரும்பாலும் சுழலும் பழைய வன்தட்டே. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் வேகம் வரும். வேகம் மட்டும் போதுமா? போதாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினி, தாழ்ப்பாள் இல்லாத வீடு. விண்டோஸ் 11 ஏற்காத கணினியில் லினக்ஸ் மின்ட் போடலாம். அதற்கு விலை கிடையாது. ஆனால் முதலில் படங்களையும் பத்திரங்களையும் வேறு தட்டில் படியெடுங்கள். புதிதாகப் போடும்போது பழையவை அழிந்துபோகும்.

சேமநிதிக் கணக்கையும் வங்கிக் கணக்கையும் அதில்தானே திறக்கிறோம்! பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். “உங்கள் கணினியில் வைரஸ்” என்று அழைப்பவனை நம்பாதீர்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997-ஐ அழையுங்கள்.

விவரமறிந்த கிராணிமார் வாரம் ஒரு மாலை பால்வெட்டுத் தோழர்களுக்கு ஒதுக்க வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை இழந்தோம். உழைத்துச் சேர்த்த காசையும் இழக்க வேண்டாம்.