மூடாத கணக்கு

(ஓசூரில் நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இளைஞர்கள் மறுபடி மறுபடி குற்றம் செய்யாமல் தடுப்பது எப்படி என்று பேசச் சொன்னீர்கள். கவிதை எழுதுகிறவன் என்றாலும் நான் பேங்க் கிளார்க். எனக்குத் தெரிந்தது பேரேடு. அதை வைத்தே பேசுகிறேன்.

கடனைக் கட்டி முடித்தால் நாங்கள் கணக்கை மூடிவிடுவோம். ஸ்டேஷன் பேரேடு அப்படி இல்லை. ஒருதரம் பேர் ஏறினால் இறங்குவது லேசில்லை.

1871இல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டான். 1911 சட்டத்தோடு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், கள்ளர் என்று சாதி சாதியாகப் பதிவேட்டில் ஏற்றினார்கள். செய்த குற்றத்துக்கல்ல, பிறந்த குற்றத்துக்கு ரேகை எடுத்தார்கள். 1947இல் இங்கே அந்தச் சட்டம் போனது. 1948இலேயே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்தது. சாதிப் பேர் இருந்த இடத்தில் ஆள் பேர். பார்வை மாறவில்லை.

2023 ஜூனில் நம்ம மத்தூர் பக்கம் புளியாண்டப்பட்டியிலிருந்து குறவர் மக்களை, பெண்கள் உட்பட, சித்தூர் போலீஸ் திருட்டு வழக்கென்று கொண்டுபோனது. சித்திரவதை செய்தார்கள் என்று அவர்கள் புகார் கொடுத்தார்கள். எல்லை தாண்டியும் அந்தப் பேரேடு போகும்.

இது குறவருக்கு மட்டும் நடப்பதில்லை. எங்கள் சேரிப் பையன் ஒருவன், பத்தொன்பது வயசு. செல்போன் பறித்தான். பறித்தது உண்மை. பறிகொடுத்தது ஷிப்ட் முடிந்து வந்த ஒரு கம்பெனிப் பொண்ணு, நம்மைப்போல் கூலிதான். இதை மூடி மறைத்துப் பேசினால் அது விடுதலை அரசியல் ஆகாது.

வெளியே வந்து கான்ட்ராக்ட் வேலைக்குப் போனான். எட்டாம் நாள் போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். வேலை போச்சு. அப்புறம் எங்கே திருட்டு நடந்தாலும் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். இரண்டாவது தடவை பிடித்தார்கள். திருட்டு நடந்ததாகச் சொன்ன ராத்திரி அவன் எங்கள் தெருவில் கல்யாணப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். நானே பார்த்தேன்.

அவன் அம்மா வந்தாள். "நீ சம்பளக்காரன், ஒரு ஜாமீன் கையெழுத்து போடுப்பா."

நான் கேட்டேன்: "அவன் திருந்திட்டானாக்கா?"

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை. அன்றைக்கு என் கையிலும் ஒரு பேரேடு இருந்தது, தோழர்களே. நாலு மாசம் உள்ளே கிடந்தான். திரும்பி வந்தபோது தொழில் தெரிந்த நாலு பேர் சிநேகிதம் அவனுக்கு இருந்தது. அதைக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள்.

சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 6ஆம் பிரிவு: ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், 21 வயசு ஆகாதவனைச் சிறைக்கு அனுப்பும் நீதிமன்றம் அதற்குக் காரணம் எழுத வேண்டும். 12ஆம் பிரிவு: நன்னடத்தையில் விடப்பட்டவனுக்கு அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. கேட்க ஆள் இல்லாவிட்டால் இதெல்லாம் வெறும் காகிதம்.

அதனால் உபதேசம் வேண்டாம். சேரிக்கு இரண்டு பேர் ஜாமீன் போடத் தயாராக இருங்கள். இலவச சட்ட உதவிக்கு மனு எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போகிறவனோடு கூடப் போங்கள். பறிகொடுத்தவள் வீட்டுக்கும் போங்கள். திருந்திட்டியா என்பதற்கு முன்னால் வேலை கெடச்சுதா என்று கேளுங்கள்.

அந்தப் பையன் வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வாய்தாவுக்கு நான் லீவு போட்டிருக்கிறேன். கூட யார் யார் வர்றீங்க?