சாட்சியமும் ஆட்சேபணையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாம் வழக்கறிஞர் அல்லோம், இரயில்வே எழுத்தர். ஆயினும் பிறந்த ஊரில் மனையும் நிலமும், பிழைக்கும் ஊரில் வேலையும் உடைய நம்மவர்க்கு நீதிமன்றம் தொடர்பற்ற இடமன்று. விடுமுறை கிடைப்பதற்குள் வாய்தா கடந்துவிடுகிறது. ஆதலின் ஒரு பொருளைக் குறித்துச் சில சொல்ல விழைகிறோம்.

நம் அன்பர் ஒருவர் தந்தைவழி மனைப்பங்கை இழந்தார். எதிர்த்தரப்பார் காட்டியது விடுதலைப் பத்திரத்தின் நகல் மட்டுமே. அசல் எங்கே என்று விசாரணையில் எவரும் கேட்டிலர். மேல்முறையீட்டில் கேட்டபோது, காலம் கடந்துவிட்டது என்ற விடையே கிடைத்தது.

இதன் காரணத்தை உச்ச நீதிமன்றம் 2003ஆம் ஆண்டு வெங்கடாசல கவுண்டர் வழக்கில் தெளிவுபடுத்தியுள்ளது. ஆட்சேபணை இருவகைப்படும். ஆவணமே சாட்சியமாகத் தகாதது என்பது முதல் வகை. அதனை மேல்முறையீட்டிலும் எழுப்பலாம். ஆவணம் தகுதியுடையது, மெய்ப்பிக்கும் முறையே தவறு என்பது இரண்டாம் வகை; அதனை ஆவணத்திற்குக் குறியீடு இடுமுன்னரே எழுப்புதல் வேண்டும். அன்றே சொல்லியிருப்பின் எதிர்த்தரப்பார் அசலைக் கொணர்ந்து குறையை நீக்க வாய்ப்புண்டு அன்றோ? முத்திரைத் தீர்வை குறைந்த பத்திரத்திற்கும் 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு இத்தகைய விதியையே கூறுகிறது.

பார்சல் அலுவலகத்தில் மூட்டையின் கட்டுக் குலைந்திருந்தால், பெறும்போதே எழுதி வாங்குகிறோம். கையொப்பமிட்டு வீட்டிற்கு எடுத்துச் சென்றபின் முறையிட்டால் யார் செவிசாய்ப்பர்?

ஆட்சேபணையை மன்றம் தவறாகத் தள்ளிவிட்டால் அதனாலேயே தீர்ப்புக் கவிழுமோ எனின், கவிழாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 167ஆம் பிரிவு அவ்வாறு கூறிற்று. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறையிலுள்ள பாரதீய சாட்சிய அதிநியமத்தின் 169ஆம் பிரிவும் அதனையே கூறுகிறது. தவறாக ஏற்றதை நீக்கியபின்னும் எஞ்சிய சாட்சியம் தீர்ப்பைத் தாங்கினால் தீர்ப்பு நிற்கும். தவறாக மறுத்ததைச் சேர்த்தாலும் முடிவு மாறாதெனின் அப்போதும் நிற்கும். பிழை நேர்ந்தது என்று காட்டினால் போதாது. அப்பிழையே முடிவை மாற்றிற்று என்றும் காட்டுதல் வேண்டும்.

ஆதலின் அன்பர்களே, ஆவணங்கள் குறியீடு பெறும் நாளை முன்னரே கேட்டறியுங்கள். எது அசல், எது நகல் என்று வழக்கறிஞருக்குக் கடிதம் எழுதுங்கள். ஆட்சேபணை வாக்குமூலப் பதிவில் ஏறியதா என்று நகல் பெற்றுப் பாருங்கள். மேல்மன்றம் நம் மனக்குறையைக் காணாது, பதிவையே காணும். உரிமையியல் தீர்ப்பாணையின் மீது மாவட்ட நீதிமன்றத்தில் முறையிட 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள் என்பதையும் மறவாதீர்கள்.

தொலைவில் வாழ்கிறோம் என்பதை எந்த மன்றமும் வாதமாக ஏற்பதில்லை. நம் முன்னோர் தேடிவைத்த ஒரு சாண் நிலமும் நம் மௌனத்தால் பறிபோதல் ஆகாது.